கம்பளிப் பந்தும் வாத்து இறகும்

கும்பகோணத்தை ஒட்டிய எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்துதான். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 27 கிராமிலிருந்து 30 கிராம் வரை எடை. பக்கத்துக்கு ஐந்து பேர். 80 அடி நீளம், 40 அடி அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு, நடுவில் ஆறடி உயர வலை. தூறல் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. நனைந்து கனத்துப்போன பந்தைப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி சர்வீஸ் போடுவோம். 1982இல் கல்யாணமாகி, புனேயில் கட்கிக்கு வந்தபோது என் டிரங்குப் பெட்டியில் அந்த மட்டையும் வந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார்.

இங்கே யாருக்கும் கம்பளிப் பந்து தெரிந்திருக்கவில்லை. பேட்மின்டன் தெரியும் என்று அலுவலகத்தில் சொன்னேன். "வாங்க தாயி" என்று அழைத்துப்போய்க் கையில் இறகுப்பந்தைக் கொடுத்தார்கள். 5 கிராம்கூட இருக்காது. என் பழைய வீச்சில் ஓங்கி அடித்தேன். அது பாதி தூரம் சீறிப் போய், அங்கேயே மூச்சு வாங்கினதுபோல் நின்று, செங்குத்தாக இறங்கியது. முப்பது கிராமுக்குப் பழகிய தோளுக்கு ஐந்து கிராமைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. நான் நிற்கிற இந்த ஊரின் பெயரே அந்த விளையாட்டின் பெயராக ஒரு காலத்தில் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

1987இல் மத்திய அரசு அலுவலகங்களுக்கு இடையே நடந்த பெண்கள் போட்டியில் எங்கள் அணி இறுதிச் சுற்றுக்கு வந்தது. நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரும் எதிரணியின் பெயரும் இங்கே வேண்டாம். தகரக் கூரை போட்ட ஹால். மார்ச் மாதம், பகல் 11 மணி. புனேயின் மார்ச் எப்படிப்பட்டது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். துவைத்துப் போட்ட சேலை அரை மணியில் மொறமொறவென்று காய்ந்துவிடும். அந்த வறட்சியில் இறகு உயிரில்லாமல் போய், நாலு அடிக்கு ஒடிந்துவிடும். அதனால் இங்குள்ள ஆட்டக்காரர்கள் முந்தின இரவே டியூபின் இரண்டு மூடிகளையும் திறந்து, கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் சில நொடிகள் காட்டி, மூடி வைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். காவிரிக்கரையில் இந்த வேலையே இல்லை. காற்றே ஈரமாக இருக்கும்.

முதல் செட் எங்களுக்கு. இரண்டாவது செட் நடுவில் எதிரணிப் பெண் பந்தைக் கையில் எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, நடுவரிடம் நீட்டினாள். ஆவி காட்டியிருக்கிறார்கள், பந்து கனத்திருக்கிறது, எங்கள் லாப் எல்லாம் வெளியே போகிறது என்றாள். அவர்கள் கொண்டுவந்த பந்தை நான் வாங்கிப் பார்த்தேன். இறகு நுனிகள் ஒன்றுவிட்டு ஒன்று வெளிப்பக்கமாக மடக்கப்பட்டிருந்தன. நுனியை வெளியே மடக்கினால் காற்று அதிகம் பிடிக்கும், வேகம் குறையும். எங்களுடைய வேகமான ஆட்டத்தை மட்டுப்படுத்தத்தான் அந்த மடிப்பு என்று நானும் கத்தினேன். இரண்டு பக்கத்து அலுவலர்களும் கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டார்கள்.

எல்லாரும் 'காகா' என்று கூப்பிடும் வயதான மராத்திக்காரர் ஒருவர்தான் ரெஃப்ரி. குரலை உயர்த்தவில்லை. இரண்டு டியூபிலிருந்தும் ஒவ்வொரு பந்து எடுத்தார். பின் எல்லைக் கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேல்நோக்கி, பக்கக் கோட்டுக்கு இணையாக, முழு வீச்சில் ஒவ்வொன்றையும் அடித்தார். விதி இதுதான்: எதிர்ப்பக்கத்துப் பின் கோட்டுக்கு 530 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 990 மில்லிமீட்டருக்கு மிகாமல் முன்னால் பந்து விழ வேண்டும். இரட்டையர் சர்வீஸ் கோடு பின் கோட்டிலிருந்து 760 மில்லிமீட்டரில் இருக்கிறது. அந்தக் கோட்டை ஒட்டி, முன்னும் பின்னும் ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பந்து பின் கோட்டின் மேலேயே விழுந்தது. அவர்களுடையது சர்வீஸ் கோட்டுக்கு வெகு முன்னால் விழுந்தது. காகா இரண்டு டியூபையும் மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, பையிலிருந்து ஒரு நைலான் பந்தை எடுத்துப் போட்டார். "இதில் ஆடுங்கள், இரண்டு பேருக்கும் ஒன்றுதான்" என்றார்.

நாங்கள் தோற்றோம். அன்றைக்கு அழுதேன். நைலான் பந்து கையில் பட்ட எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் செய்தது சரி என்று இப்போது நிச்சயமாகச் சொல்வேன். அதற்குக் காரணம், ஓய்வு பெற்ற பிறகு நான் படித்த இந்த ஊரின் பழைய கதை.

1817 நவம்பரில் கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்ற பிறகு பூனா ஆங்கிலேயர்களின் ராணுவ ஊராயிற்று. இறகுப்பந்தைத் தட்டி விளையாடுவது பழைய பழக்கம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல இடங்களில் வலையும் கோடும் இல்லாமல், கீழே விழாமல் எத்தனை தட்டு தட்டுகிறோம் என்று எண்ணுகிற குழந்தை விளையாட்டாக அது இருந்தது. பூனாவில் இருந்த அதிகாரிகள் அதற்கு நடுவில் வலை கட்டி, எதிரெதிராக நின்று, போட்டியாக ஆடினார்கள். 1873இல் இங்கேதான் அதன் விதிகள் எழுதப்பட்டன என்று விளையாட்டு வரலாறுகள் சொல்கின்றன. ஆட்டத்துக்கு 'பூனா' என்றே பெயர் வழங்கியது. இங்கிலாந்தில் பியூஃபோர்ட் கோமகனின் பேட்மின்டன் மாளிகையில் ஆடப்பட்ட பிறகுதான் இன்றைய பெயர் ஒட்டியது. 1875இல் இந்தியாவிலிருந்து திரும்பிய ராணுவக்காரர்கள் ஃபோக்ஸ்டன் நகரில் ஒரு கிளப் தொடங்கினார்கள். 1887இல் பாத் நகரத்து கிளப்பைச் சேர்ந்த ஹார்ட் என்பவர் பூனா விதிகளைத் திருத்தி எழுதினார். 1893 செப்டம்பரில் போர்ட்ஸ்மத்தில் 'டன்பார்' என்ற வீட்டில் இங்கிலாந்துச் சங்கம் கூடி விதிகளை அச்சிட்டது. 1899இல் ஆல் இங்கிலாந்து போட்டி. மளமளவென்று நடந்துவிட்டது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு தகவல். பூனாவில் அந்த ஆரம்ப நாட்களில், காற்று வீசினாலோ மழை பெய்தாலோ, இறகுப்பந்தை வைத்துவிட்டுக் கம்பளிப் பந்தில் ஆடினார்கள். நாற்பது வருஷமாக நான் ஊர்விட்டு ஊர் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மஞ்சள் பந்து எனக்கு நூறு வருஷம் முன்பே இங்கே வந்திருக்கிறது.

இதில் எனக்கு ஒரு ஊகம் உண்டு. பம்பாய் கவர்னரும் அவருடைய அலுவலகமும் மழைக்காலம் வந்தால் பூனாவுக்கு மாறிவிடுவது வழக்கம். பம்பாயின் மழையை அவர்களால் தாங்க முடியவில்லை. கவர்னருக்காகக் கணேஷ்கிண்டில் கட்டிய மாளிகைதான் இன்றைக்கு சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழகத்தின் பிரதான கட்டடம். ஆக, துரைகளும் துரைசானிகளும் விருந்தும் விளையாட்டுமாக இந்த ஊரில் நிறைந்திருந்த காலம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் இங்கே மழை கொட்டாது. நாள் முழுக்கப் பொடித்தூறலும் மேற்கிலிருந்து ஓயாத காற்றும் இருக்கும். குடையைப் பிடித்தால் குடை பறக்கும். அந்தக் காற்றில் திறந்த வெளியில் 5 கிராம் இறகை வைத்து என்ன ஆடுவது? காற்றுக்கு அடங்காத ஒன்று வேண்டும். கம்பளிப் பந்து அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் தஞ்சாவூரில் அரண்மனைக் குடும்பத்தார் கம்பளிப் பந்தில் ஆடினார்கள் என்பது பூப்பந்துக்காரர்கள் எல்லாரும் சொல்லும் வரலாறு. 1856 என்று ஆண்டும் சொல்வார்கள். அந்த ஆண்டை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். தஞ்சையின் கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பினி அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்துக்காக ராணி காமாட்சிபாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1859இல் தோற்றது. நாடு போன வீட்டின் முற்றத்தில் பந்து ஆடியிருக்கிறார்கள். தஞ்சையை ஆண்ட அந்த வம்சத்தை நிறுவிய ஏகோஜி, சத்ரபதி சிவாஜிக்கு மாற்றாந்தாய் மகன். அவர்களுடைய தந்தை சாஹாஜியின் ஜாகீர் இந்தப் புனே. சிவாஜி சிறுவனாக வளர்ந்த லால் மஹால் இங்கே கஸ்பா பேட்டில் இருந்தது. இரண்டு ஊருக்கும் இருந்த உறவு மொழியிலும் சாம்பாரிலும் மட்டும் இல்லை. பந்து எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரே பந்து இரண்டு ஊரிலும் இருந்தது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

பிறகு இரண்டும் பிரிந்தன. இங்கிலாந்தின் குளிரில் ஆட்டம் கூரைக்குள் போனது. கூரைக்குள் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் இறகை மிஞ்ச ஒன்றும் கிடையாது. கம்பளிப் பந்து அங்கே தேவைப்படவில்லை, விதிப் புத்தகத்திலும் இடம் பெறவில்லை. நம் பக்கத்தில் ஹால் கட்ட யாரிடம் பணம் இருந்தது? பள்ளி மைதானம், ரயில்வே காலனி, மில் குவார்ட்டர்ஸ், கோயில் திடல் இவைதான் கோர்ட். அங்கே கம்பளிப் பந்து வாழ்ந்தது. 1954இல் அதற்கென்று அகில இந்தியக் கூட்டமைப்பு உண்டாயிற்று. 1970இல் வாரங்கல்லைச் சேர்ந்த பிச்சையா அர்ஜுனா விருது பெற்றார். இறகுப்பந்தில் முதல் அர்ஜுனா 1961இல் நந்து நாடேகருக்குப் போனது. இரண்டு பெயரில் ஒன்றுதான் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிகிறது.

நாடேகர் சாங்லிக்காரர். 1954இல் ஆல் இங்கிலாந்து கால் இறுதி வரை போனவர். 1956இல் கோலாலம்பூரில் சிலாங்கூர் சர்வதேசப் போட்டியை வென்று, வெளிநாட்டில் பட்டம் வென்ற முதல் இந்திய ஆட்டக்காரர் ஆனார். ஆறு முறை தேசிய ஒற்றையர் சாம்பியன். கடைசிக் காலத்தில் புனேயில் வாழ்ந்து, 2021 ஜூலை 28 அன்று தம் 88ஆம் வயதில் இங்கேயே காலமானார். மரச் சட்டமும் ஆட்டு நரம்பும் வைத்து ஆடிய தலைமுறை அது. கையின் மென்மையால் ஜெயித்தவர்கள்.

அந்த மென்மைக்கு எதிராளியாக நைலான் வந்ததும் அதே காலத்தில்தான். இங்கிலாந்தில் கார்ல்டன் என்பவர் பிளாஸ்டிக்கில் இறகுப்பந்து செய்தார். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. இறகுப்பந்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இறகுக்காரர்களின் கோபம் புரியும். தோல் போர்த்திய தக்கையில் 16 இறகு. எல்லா இறகும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும், வழக்கமாக இடது சிறகு. இரண்டு பக்கத்தையும் கலந்தால் வளைவு மாறிப் பந்து தள்ளாடும். உயர்தரப் பந்துக்குப் பெரிய வாத்தின் இறகு, சாதாரணப் பந்துக்குச் சிறிய வாத்தின் இறகு. ஒவ்வொன்றும் 62 முதல் 70 மில்லிமீட்டர் நீளம், பதினாறும் ஒரே நீளம். மொத்த எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள். டியூபின் மேல் 76, 77, 78 என்று எண் இருக்கும். சூடான ஊருக்கும் மேட்டு ஊருக்கும் சின்ன எண், குளிர் ஊருக்குப் பெரிய எண். புனே கடல் மட்டத்துக்கு மேல் 560 மீட்டர். சென்னையில் ஜனவரியில் சரியாக ஆடும் பந்து இங்கே மார்ச்சில் ஓடும். காற்று லேசாக இருக்கிற ஊரில் இறகுக்குப் பிடிமானம் குறைவு, அவ்வளவுதான். மேற்கு வங்கத்தில் ஹௌரா மாவட்டத்து உலுபேரியாவில் வீட்டுக்கு வீடு உட்கார்ந்து இறகைத் தரம் பிரித்து, தக்கையில் குத்தி, நூல் கட்டுகிறார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் அடித்து உடைக்கும் பந்தில் அத்தனை கை பட்டிருக்கிறது.

பொருளை வைத்து வரும் தகராறு பெரிய மேடையில் நின்றபாடில்லை. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவின் சிதேக் சகோதரர்கள் தக்கையை விட்டு இறகுப் பக்கத்தில் வெட்டி சர்வீஸ் போட்டார்கள். பந்து கிறுக்குப் பிடித்ததுபோல் நெளிந்து போகும். எடுக்க ஆளில்லை. 1982இல் அதைத் தடை செய்து, சர்வீஸில் மட்டை முதலில் தக்கையைத்தான் தொட வேண்டும் என்று விதி எழுதினார்கள். 2023இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரர் பந்தை விரலால் சுழற்றிவிட்டு சர்வீஸ் போட, அதுவும் சில வாரங்களில் தடையாயிற்று. பனிமலைச் சறுக்குத் தாவலில் நடந்ததையும் படித்தேன். 2025 மார்ச்சில் நார்வேயின் டிரான்ட்ஹெய்மில் நடந்த உலகப் போட்டியில், நார்வே அணியினரே தங்கள் வீரர்களின் உடையில் அனுமதியில்லாத கனத்த நூலை வைத்துத் தைத்தது வீடியோவில் வெளிவந்து, லிண்ட்விக், ஃபோர்ஃபாங் என்ற இருவரும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். லிண்ட்விக் அன்று வெள்ளிப் பதக்கத்துக்குரிய இடத்தில் இருந்தார். உடை விறைப்பாக நின்றால் காற்று இன்னும் கொஞ்சம் தாங்கும், இன்னும் கொஞ்ச தூரம் பறக்கலாம். படித்தபோது எனக்கு 1987இல் பார்த்த மடக்கிய இறகு நுனிதான் கண்ணுக்கு வந்தது. காற்றை நம்பி ஆடுகிற ஆட்டம் எதுவானாலும் மனுஷன் கை காற்றைத் திருடத்தான் போகிறது. அதற்கு அளவுகோல் ஒன்று இருக்க வேண்டும். அந்த அளவுகோலை எல்லார் கண்ணெதிரிலும் வைத்து அளக்க வேண்டும். காகா அதைச் செய்தார்.

2008 அக்டோபரில் இதே புனேயின் பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் காமன்வெல்த் இளைஞர் விளையாட்டு நடந்தது. சாய்னா நேவால் தங்கம் வென்றார். அது முடிந்த கையோடு உலக ஜூனியர் போட்டியும் புனேயில் நடந்து, அதிலும் அவரே சாம்பியன் ஆனார். இந்தியர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. 'பூனா' என்ற ஆட்டம் தன் ஊருக்குத் திரும்பி வந்து, ஓர் இந்தியப் பெண்ணின் கையில் ஜெயித்தது. அன்று டி.வி. முன்னால் நான் எழுந்து நின்று கை தட்டினேன். வீட்டில் இருந்தவர்கள் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள்.

என் பேரனுக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். அவன் இங்கே ஓர் அகாடமிக்குப் போனான். இறகின் வரத்து குறைந்து, கடந்த ஓரிரு வருஷத்தில் டியூபின் விலை ஏறிக்கொண்டே போகிறது. பயிற்சிக்கு நைலான் கொண்டுவந்த ஒரு பையனை, இதில் ஆடினால் கை கெட்டுப்போகும் என்று ஓரமாக உட்கார வைத்தார்கள். காய்கறி வண்டிக்காரர் மகன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. கை கெடும் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. நைலான் வேறு மாதிரி பறக்கும், நெட் ஆட்டத்தில் ஏமாற்றும், நானே அதில் தோற்றவள். ஆனால் உலக விதிப் புத்தகமே இயற்கை இறகானாலும் செயற்கைப் பொருளானாலும், பறக்கும் தன்மை இறகுப்பந்தை ஒத்திருந்தால் போதும் என்றுதான் சொல்கிறது. உலகக் கூட்டமைப்பு 2020இல் செயற்கை இறகுப்பந்துக்குச் சர்வதேசப் போட்டிகளில் ஒப்புதல் தருவதாக அறிவித்து, 2021 முதல் என்று நாளும் குறித்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு வாத்து இறகுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் இந்த ஊரின் வரலாற்றை ஒரு தடவை படிக்க வேண்டும். இங்கே விதி எழுதியவர்களே வானத்தைப் பார்த்துத்தான் பந்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

போன ஜூலையில் மட்டையை அலமாரி மேலிருந்து இறக்கினேன். சட்டம் லேசாக வளைந்திருந்தது, நரம்பு இற்றுப்போயிருந்தது. லக்ஷ்மி ரோடு பக்கம் நரம்பு கட்டுகிற ஒருவர், இப்படிப்பட்ட மட்டையைத் தொட்டு எத்தனையோ வருஷமாயிற்று என்று சொல்லிக்கொண்டே கட்டிக் கொடுத்தார். கும்பகோணத்திலிருந்து தம்பி ஆறு பந்து அனுப்பினான். எங்கள் காலனி மைதானத்தில், காற்றும் தூறலுமாக இருந்த ஒரு சாயங்காலம், பேரனையும் அவன் சிநேகிதர்கள் நாலு பேரையும் நிற்கவைத்து ஆடினேன். எனக்கு 64 வயது; பத்து நிமிஷம் ஆட முடிந்தது. இறகுப்பந்து அந்தக் காற்றில் ஒரு தட்டுகூடத் தாங்கியிருக்காது. மஞ்சள் பந்து நேராகப் போனது.

இப்போது ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். மராத்திப் பிள்ளைகள்தான் அதிகம். இரண்டு மட்டைதான் இருக்கிறது, முறை வைத்து ஆடுகிறோம். இதைப் படிக்கிறவர்கள் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ மதுரையிலோ இருந்தால், உங்கள் வீட்டுப் பரணில் பள்ளிக்கூட நாளைய பூப்பந்து மட்டை கிடந்தால், தயவுசெய்து பழைய சாமானோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இற்றுப்போன நரம்பை மாற்றினால் அது இன்னும் ஆடும்.